நிறுத்தினால் கிளம்பாத கார்

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை, சுதந்திரம் வந்த பிறகு சொந்த ஊருக்குக் கப்பலேறுமுன் தன் காரை எனக்கு விற்றுவிட்டுப் போனார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். பந்தயத்தில் ஓடுகிற ஜாதி என்று பெருமையாகச் சொன்னார். சாவியைக் கையில் தரும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை நம்பவில்லை. அத்தனை வருடம் ஓட்டிய வண்டியைப் பிரிகிறவர் கொஞ்சமாவது வருத்தப்பட வேண்டாமா?

எனக்கு அப்போது ரப்பர் ஷீட் வியாபாரம். ஒவ்வொரு ஷீட்டையும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே ஈரம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிற பிழைப்பு. மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். காரைக் கேட்கவே வேண்டாம். தினமும் அதன் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைப்பேன். எண்ணெய் சொட்டியிருந்தால் கவலை. சொட்டாமல் இருந்தால் அதைவிடக் கவலை, சொட்டுவதற்கு உள்ளே எண்ணெயே இல்லையோ என்று.

ஆனாலும் அந்தக் கார் தந்த சந்தோஷத்தை மறைத்தால் பாவம். ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்கி, தக்கலை தாண்டி, வில்லுக்குறியும் தாண்டி, வயல்கள் விரிகிற இடத்தில் வேகம் கூட்டினால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைக்கும். தனியாகவே சிரிப்பேன். சிரிக்கும்போதும் ஒரு காது எஞ்சினில் இருக்கும்.

அதற்கு ஒரு வியாதி இருந்தது. ஓடிச் சூடான எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் முனகும். முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் என் தோள்தான் கழலும். சரிவில் உருட்டிவிட்டால் மட்டும் உயிர் வரும். மெக்கானிக் மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கொறையும் இல்ல சாரே" என்றார். அவரையும் நான் நம்பவில்லை. அன்று முதல் எங்கே போனாலும் சரிவு பார்த்தே நிறுத்தினேன். மேட்டில் வீடு கட்டியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் என்மேல் திடீரென்று பாசம் பொங்குவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள்.

அந்த நிலைமையில் தங்கையின் கல்யாணம் வந்தது. அப்பா இல்லை. சொந்தங்களை விளிக்க, அதாவது நேரில் போய் அழைக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது. எங்கள் பக்கம் கல்யாணம் விளிப்பது என்றால் வீட்டுக்குள் ஏறி உட்கார வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் விளித்ததாகவே கணக்கில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, இராஜாக்கமங்கலத்தில் இருந்தார். தங்கையைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் அவர். தன் மகனுக்கு அவளைக் கொடுக்கவில்லை என்று ஏற்கெனவே அவர் மனதில் ஒரு முள் இருந்தது. அவருடைய வீடோ கடலோரத்துத் தட்டைப் பூமி. ஒரு சாண் சரிவு கிடையாது. நான் செய்த முட்டாள்தனம் இதுதான்: எஞ்சினை அணைக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், வாசலுக்கு வந்த மாமாவிடம் உட்கார்ந்தபடியே தாம்பாளத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். அவசர வேலை என்று ஏதோ சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து ஆள் வந்து சொன்னது: "காரு வாங்கின பெறவு மருமவனுக்குக் காலு மண்ணுல படாதாம். மாமனும் வரமாட்டாராம்."

அம்மா அழுதாள். காரின் வியாதியை அவளிடம் விளக்கினேன். அவள் அதுவரை அந்தக் காரில் ஏறியதே இல்லை. அன்று ஏறினாள்.

மாமா வீட்டு முற்றத்தில் எஞ்சினை அணைத்தேன். உள்ளே போய் மாமாவின் காலைத் தொட்டேன்.

"நிப்பாட்டினா பெறவு கெளம்பாது மாமா. அதான் அன்னைக்கு எறங்கல. வேற ஒண்ணும் இல்ல."

மாமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"சத்தியம் அண்ணே. தள்ளினாத்தான் போவும்," என்றாள் அம்மா. என் வாய்ச்சொல்லைத் தவிர அவளுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

மாமா உள்ளே பார்த்து, "பிள்ளைக்குக் காப்பி கொண்டு வா," என்றார். கருப்பட்டிக் காப்பி வந்தது. முறுக்கு வந்தது. என் உயிரும் வந்தது. நாங்கள் கிளம்பியபோது மாமா தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, தென்னந்தோப்பில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டார். எல்லாரும் காரின் பின்னால் கைவைத்து நின்றார்கள். நடுவில் மாமா.

"ஒருக்கா அமுக்கிப் பாரு மக்கா," என்றார்.

செல்ஃபை அமுக்கினேன். முதல் தொடுதலிலேயே எஞ்சின் கணீரென்று கிளம்பியது.

இரண்டு வருடமாக நான் ஏங்கிய சத்தம் அது. அந்த நிமிடம் அதைக் கையால் நெரித்துக் கொன்றிருப்பேன். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காரிலிருந்து கையை எடுத்தார்கள். மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்ல காராக்கும். கொண்டு போ," என்றார்.

அவர் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. வரவும் இல்லை. ஆனால் என்னை உடைத்தது அது அல்ல. நாகர்கோவிலைத் தாண்டும்வரை முந்தானையை இழுத்துப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துவந்த அம்மா, மெதுவாகக் கேட்டாள்.

"உள்ளதச் சொல்லு மக்களே. கெளம்பாதுன்னு சொன்னது நெசந்தானா?"

நிறுத்திக் காட்டட்டுமா என்று வாய்வரை வந்தது. மறுபடியும் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? வீடு வரும்வரை நான் நிறுத்தவே இல்லை.