செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் அவருடைய பக்கத்து வீட்டு மனிதரைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவராம். இஸ்திரி கலையாத சட்டை, வாயைத் திறந்தால் நியாயம், நேர்மை. அந்த வாயால்தான் காலையில் பல் விளக்கிவிட்டு நுரையை அக்கா வீட்டுப் பக்கம் துப்புவார். அதுவும் குறி பார்த்து, எலுமிச்சை மரத்தின் அடியில்.

அந்த மரம் அக்கா வைத்தது. வாடகைக்குக் குடிவந்த முதல் வாரமே பின்பக்கத்தில் கன்றை நட்டாள். அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் நாலு வருஷம் ஊற்றினாள். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் காய்த்திருந்தது. பதினோரு காய். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் எண்ணுவாள்.

மாமா டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. இம்மி பிசகினாலும் ஒட்டிய கல்லைப் பெயர்த்து மறுபடி ஒட்டுகிற ரகம். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையைத்தான் முதலில் பார்ப்பார். "மூலையில கோடு கொஞ்சம் ஓடியிருக்கு, மாப்ள" என்பார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு எங்கே இறங்கும்?

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே சுவர் இல்லை. சாய்த்துப் புதைத்த செங்கல் வரிசைதான் எல்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் அந்த மனிதர் செங்கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தார். அக்கா கேட்டதற்கு, "மழையில மண்ணு நகரும்மா" என்றார், கூசாமல். அவருடைய செருப்புத் தடத்தை மட்டும் எந்த மழையும் நகர்த்தவில்லை. வரிசை எலுமிச்சை மரத்தையும் தாண்டியபோது மாமா வீட்டு ஓனருக்குப் போன் போட்டார்.

ஞாயிறு காலையில் ஓனர் வந்து நின்றார். மாமா முன்பக்க எல்லைக்கல்லில் நூலைக் கட்டிப் பின்பக்கக் கல்வரை இழுத்தார். செங்கல் வரிசை ஒன்றரை அடி உள்ளே வந்திருந்தது. பக்கத்து வீட்டு மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. மரம் நூலுக்கு இந்தப் பக்கம், நம் பக்கம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தோடு நூலைச் சுருட்டியிருக்கலாம். ஆனால் கோடியில் நூல் பாத்ரூம் சுவரில் முட்டி லேசாக வளைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வளைந்த நூலைப் பார்த்துக்கொண்டு மாமாவால் சும்மா இருக்க முடியுமா? டேப்பை வைத்து அளந்தார்.

"சார், நம்ம பாத்ரூம் ஒம்பது இன்ச் அவங்க பக்கம் போயிருக்கு."

சரியான அளவைச் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில். ஓனருக்கு வேர்த்துவிட்டது. அடுத்த நிமிஷம் அவர் கை பக்கத்து வீட்டு மனிதரின் தோளில் இருந்தது. இருவரும் உள்ளே போய் டீ குடித்தார்கள். அரை மணியில் பேரம் முடிந்தது. பாத்ரூம் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஒன்றரை அடி அவருக்குப் போகும்.

"அப்ப மரம்?" என்றாள் அக்கா. "பெயர்த்தாவது எடுத்துக்கிறோம் சார்."

"வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஏதும்மா மரம்?" என்றார் ஓனர். பல்லிடுக்கில் பிஸ்கட் ஒட்டியிருந்தது. பிறகு மாமாவிடம் திரும்பினார். "இனிமே சண்டையே வேணாம், ஒரு சுவர் எழுப்பிடுவோம். வெளியாள் எதுக்கு? நீங்களே கட்டிடுங்க."

மாமா தலையாட்டினார். வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? அது தெரிந்தும் அந்த நிமிஷம் அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்ற என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு சுவர் எழும்பியது. மாமா கட்டிய சுவர், ஒரு குறை சொல்ல முடியாது. அக்காதான் கலவை எடுத்துக் கொடுத்தாள். மார்பளவு உயரம் வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அதில் ரெண்டு எலுமிச்சங்காய்.

"வச்சுக்கம்மா. நம்ம மரத்துக் காய்தான். உங்களுக்கு இல்லாததா?"

அக்கா அந்தக் கையைத் தொடவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை. கலவைச் சட்டியை மாமாவின் காலடியில் வைத்தாள்.

"இன்னும் அஞ்சு வரி ஏத்துங்க" என்றாள். "எனக்கு மரமும் தெரியக் கூடாது."

மாமா அடுத்த செங்கல்லை எடுத்தார். அந்த அஞ்சு வரிக்கு மட்டும் அவர் மட்டம் பார்க்கவில்லை.