ஏழடி இரண்டு அங்குலம்

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் பழைய பெருங்களத்தூரில் அந்தத் தெரு இருக்கிறது. அந்த வீடு இருக்கிறது. கெசியாவின் முதுகில் அந்தத் தழும்பும் இருக்கிறது. இத்தனைக்கும் நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில். சனிக்கிழமை, மதியம் 12:10.

கெசியாவின் கணவர் எலியேசர் கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஜி.எஸ்.டி ரோட்டில் பைக் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மாதம் கெசியா வேலை பார்த்த பள்ளியிலும் ஆள் குறைப்பு. பத்து நாள் அழுது பார்த்தாள். அழுதால் அடுப்பு எரியுமா?

பக்கத்தில் இரண்டு லேடீஸ் ஹாஸ்டல். போய்க் கேட்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து துணி அனுப்புறோம். ஆனா ஒரு வாரம் பார்ப்போம், சரியில்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்" என்றார்கள். பழைய வாஷிங் மெஷின் ஒன்றைப் பேசி முடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் வரும்.

அதை வைக்கத்தான் இடம் வேண்டும். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. மூன்று பக்கம் சுவர். ஜன்னல் இல்லை. உள்பக்கமாகத் திறக்கும் ஒரு பிளாஸ்டிக் கதவு. வீட்டுக்காரர் அப்பாதுரை அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தார். "உன் செலவுல என்ன வேணா பண்ணிக்கோம்மா" என்றார். மேஸ்திரி வைக்க வழியில்லை. கடையில் மிச்சம் விழுந்த டைல்ஸை அள்ளிக்கொண்டு வந்து, யூடியூப் பார்த்து, தானே ஒட்டுவது என்று இறங்கிவிட்டாள்.

புதன்கிழமை அளந்தாள். கதவிலிருந்து பின்சுவர் வரை ஏழடி இரண்டு அங்குலம். இரண்டடி டைல்ஸ் மூன்று வரிசை. மிச்சம் பதினாலு அங்குலம். கடைசி வரிசையைப் பதினாலுக்குக் கொஞ்சம் குறைத்துக் கடையிலேயே வெட்டி வாங்கினாள்.

வியாழக்கிழமை கதவுப் பக்கமிருந்து மூன்று வரிசையை ஒட்டி முடித்தாள். கடைசித் துண்டை வைத்தாள். இறங்கவில்லை. அளந்தாள். பன்னிரண்டு அங்குலம்தான் இருந்தது.

"ஏங்க, ரெண்டு இன்ச் உதைக்குது."

"நீ டேப்பை லூசா பிடிச்சிருப்ப, கெசி" என்றார் எலியேசர் படுக்கையிலிருந்தே.

வெள்ளிக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி அளந்தாள். ஒன்பது அங்குலம். ஒட்டிய டைல்ஸைக் கையால் அசைத்துப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. டேப்பைக் கொண்டுபோய் எலியேசரிடம் நீட்டினாள். அவர் தன் ஸ்கேலை வைத்து ஒப்பிட்டார். டேப்பில் கோளாறு இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேப் அவர் தலையணைப் பக்கத்திலேயே கிடந்தது.

அன்று மதியம் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அறைக்குள் ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்... டக்.

இழுத்த இன்ச் டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தம்.

ஹாலுக்கு ஓடினாள். எலியேசர் தூங்கிக்கொண்டிருந்தார். டேப் தலையணைப் பக்கத்தில், வைத்தது வைத்தபடி.

வேறு சமயமாக இருந்தால் அன்றைக்கே பூட்டிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை துணி வந்துவிடும். 'கர்த்தாவே, இந்த ஒரு வேலை மட்டும் முடியட்டும்' என்று சனிக்கிழமை மதியம் டைல்ஸ் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தூசி ஹாலுக்கு வந்தால் எலியேசருக்கு இருமல் வரும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

12:10. பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் நான்கடி தள்ளி இருந்தது. துண்டை ஒன்பது அங்குலத்துக்கு வெட்டினாள். வைத்தாள். இறங்கவில்லை.

ஆறுக்கு வெட்டினாள். இறங்கவில்லை.

மூன்றுக்கு வெட்டினாள். வைக்கப் போனாள்...

வைக்க இடமே இல்லை. மூன்றாவது வரிசை டைல்ஸின் விளிம்பில் சுவர் வந்து நின்றது.

மெஷினை நிறுத்தினாள். காதடைக்கும் அமைதி.

சர்ர்ர்ர்... டக்.

பின்னால்.

அப்புறம் காதருகே ஒரு பெண்ணின் குரல். அவசரமே இல்லாத குரல்.

"நாலடி ஒண்ணு..."

கெசியா எழப் பார்த்தாள். முதுகில் ஏதோ குத்தியது. தொட்டுப் பார்த்தாள். கதவின் கைப்பிடி.

நான்கடி தள்ளி இருந்த கதவு.

"மூணடி..."

எழுந்து, கையைப் பின்னால் விட்டுக் கதவை இழுத்தாள். ஒரு சாண் வந்தது. எதிர்ச்சுவரில் இடித்து நின்றது.

"ஏங்க! ஏங்க...!"

"கெசி? என்னாச்சு?"

"கதவு... வரலைங்க! சுவரு... சுவரு வருதுங்க!"

"ரெண்டடி..."

கதவு மறுபடி மூடிக்கொண்டது. முழங்கால் மடங்கவில்லை. மார்பில் சுவர். முதுகில் கதவு. மூச்சை வெளியே விட்டால்... திரும்ப இழுக்க இடமில்லை.

ஹாலில் ஏதோ விழுந்தது. எலியேசர்.

ஒற்றைக் காலில், அப்புறம் இரண்டு காலிலும், அவர் வந்தார். வாக்கரைத் தூக்கிக் கதவில் அடித்தார். ஒரு அடி. இரண்டு. மூன்று. பிளாஸ்டிக் பிளந்தது. ஓட்டைக்குள் கையை விட்டார். கெசியாவின் தலைமுடி கிடைத்தது. பற்றி இழுத்தார்.

12:31. இருவரும் சமையலறைத் தரையில் கிடந்தார்கள்.

ஐந்து மணிக்கு வாஷிங் மெஷினோடு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இடம் தாராளமா கீதேக்கா" என்றார்கள். ஏழடி இரண்டு அங்குலம். பின்சுவர் ஓரம், கடைசி வரிசைக்கான பதினாலு அங்குலம் அப்படியே காலியாகக் கிடந்தது.

கெசியா அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். முதுகில் கைப்பிடி கிழித்த காயத்துக்கு நான்கு தையல். எலியேசரின் தொடைக் கம்பி விலகி, இரண்டாவது ஆபரேஷன். ஹாஸ்டல் துணி வேறு யாருக்கோ போனது. ஒரு வாரத்தில் அஸ்தினாபுரத்தில் நாத்தனார் பிளஸ்ஸி வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள். இப்போது அங்கே நாலு வீட்டுத் துணி துவைக்கிறாள். மொட்டை மாடியில், வெட்டவெளியில். எலியேசர் கோலை ஊன்றி நடக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. பழைய தெருவில் பெயின்ட் அடிக்கும் குப்புராஜ். அடுத்த குடித்தனத்துக்காக அப்பாதுரை அவரை வேலைக்கு வைத்திருந்தார்.

"அக்கா, அந்தப் பின்னாடி ரூமு செவுத்துல இன்னா கணக்கு எழுதி வச்சிக்கீற?"

"நான் எதுவும் எழுதலையே."

"சுண்ணாம்பு சொரண்டிக்கினு இருந்தேன். மூணு தபா அடிச்ச பழைய சுண்ணாம்புக்கு அடில, பென்சில்ல எழுதிக் கீது. மேல ஏழு ரெண்டு. அப்பால ஏழு. ஆறு ஒம்போது. அப்டியே எறங்கிக்கினே வருது... நாலு ஒண்ணு, மூணு, ரெண்டு..."

கெசியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன எழுதியிருக்கு, அண்ணா?"

"ஒம்போது இன்ச்."

ஒன்பது அங்குலம். அதற்குள் நின்றுகொண்டு யார் எழுத முடியும்?

கையெழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"அதான்க்கா எனக்கும் புரியல. மேலேர்ந்து கீழ வரைக்கும் முத்து முத்தா ஒரே எழுத்து. கடைசிது கூட... கொஞ்சமும் கை நடுங்கல."