பள்ளிபாளையத்தார் வாசித்த மத்தியானம்

நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். போன மாசம் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒருவர் பழைய சாக்ஸபோன்களாகத் தேடி வாங்கிச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். "நல்லா இருக்குதுங்களா ஆயா?" என்றாள். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சேந்தமங்கலத்தில் இருந்த அப்பா அம்மாவை விட்டு, சேலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா என் அம்மாவின் தம்பி. அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. "ஒரு புள்ளையவாவது எங்கிட்ட உடுங்க அண்ணி" என்று அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை நான். எனக்குத் தலை பின்னிவிடுவதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்.

மாமா பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தவர். தேர்பவனி, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் போவார். நான் போன சமயத்தில் நிறுத்தியிருந்தார். நெஞ்சில் நோய். ஊதினால் உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட, அத்தை மாதா படத்தின் மேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். மாமாவுக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, பாய் தனி. அவர் குடித்த தம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, அத்தை தன் கையையும் சுடச்சுடக் கழுவுவார். என்னை அவர் பக்கத்தில் உட்கார விடமாட்டார். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஊத முடியாத மாமா பழைய சாக்ஸபோன்களைச் சேர்க்க ஆரம்பித்தார். எந்த ஊரிலாவது வாசிக்கிறவர் செத்துவிட்டார் என்று தெரிந்தால் துக்கம் கேட்கப் போவார். திரும்பும்போது வேட்டியில் சுற்றிய ஒன்று தோளில் இருக்கும். செத்தவரின் பிள்ளைகளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது, கொடுத்துவிடுவார்கள். பின்னறைச் சுவரில் ஏழு தொங்கின. அவற்றுக்குச் செத்தவரின் ஊரையே பேராக வைத்திருந்தார். ஆத்தூரார், ஜேடர்பாளையத்தார், கடைசியாக வந்த பள்ளிபாளையத்தார். பேச்சும் மரியாதையாகத்தான். "ஜேடர்பாளையத்தாருக்கு இன்னைக்கு ஒடம்புக்கு ஆகலைங்க போல. கீ எல்லாம் இறுக்கமா இருக்குது" என்பார்.

அத்தைக்கு அந்த அறையே ஆகாது. "சாமி படம் மாட்ட எடமில்ல, ஏழு பொணத்துக்கு ஆணி அடிச்சு வெச்சிருக்கறீங்க."

"அவுங்க உங்கிட்டச் சோறு கேக்கறாங்களா?" என்பார் மாமா.

சாக்ஸபோனில் விரலால் அழுத்துகிற கீக்களுக்கு அடியில், ஓட்டைகளை மூடத் தோல் வில்லைகள் இருக்கும். மனுஷ மூச்சு படாவிட்டால் அந்தத் தோல் காய்ந்து வெடித்துவிடும் என்பது மாமாவின் நம்பிக்கை. அவர் ஊதக் கூடாது. அதனால் ஒருநாள், அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, சத்தம் வேண்டாம். மூச்சு மட்டும் உடோணும், பத்து மூச்சு. அத்தைகிட்டச் சொல்லிப்போடாதே."

வாயில் வைக்கும் கறுப்புக் கட்டையில் ரீடு என்று மெல்லிய பட்டை ஒன்று கட்டியிருக்கும். அது அதிர்ந்தால்தான் சத்தம். மாமா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டையை எப்படிப் பிடிப்பது என்று தன் வாயில் வைத்துக் காட்டிவிட்டு, வேட்டி முனையில் துடைத்து என்னிடம் நீட்டுவார்.

கட்டையின் மேல்பக்கம் பள்ளம் இருக்கும். வருஷக்கணக்காக ஊதினவரின் மேல்பல் பதிந்த பள்ளம். என் பல் தானாகப் போய் அதில் உட்காரும். ஆத்தூராருக்கு இரண்டு பள்ளம். ஜேடர்பாளையத்தாருக்கு ஒன்றுதான், ஒற்றைப் பல்லோடு ஊதியிருக்கிறார். உள்ளேயிருந்து புகையிலை வாசம், சுண்ணாம்பு வாசம் வரும். நான் விட்ட மூச்சு குழாய்க்குள் சுற்றி, ஓட்டைகள் வழியாகக் குளிர்ந்து வந்து என் கையில் படும். யாரோ அதை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது போலிருக்கும். பள்ளிபாளையத்தார் மாமாவைப் போலவே இருமி இருமிச் செத்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய கட்டையில் வாசம் எதுவும் இல்லை. எத்தனை துடைத்தாலும் பள்ளம் மட்டும் ஈரமாக இருந்தது.

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலத்துக்குப் பிறகு எங்கள் கோவிலில் மணி அடிக்கமாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆர்மோனியம் மூடிக் கிடக்கும். உயிர்ப்புத் திருநாள் வரை எந்த வாத்தியமும் வாய் திறக்கக் கூடாது. மூன்று மணி வழிபாட்டுக்குத் தெருவே காலியாகிவிட்டது. இருமல் என்று மாமா போகவில்லை. "மாமன் அந்த ரூமுக்குள்ள போனா ஓடியாந்து சொல்லோணும்" என்று என்னைக் காவல் வைத்துவிட்டு அத்தை போனார்.

அத்தை தெருமுனை திரும்பியதும் மாமா எழுந்தார்.

"இன்னைக்குப் போயி வேண்டாங்க மாமா."

"மூச்சு உடறது வாசிக்கறதாயிருமா கண்ணு? ஆண்டவரே கடைசி மூச்ச இந்நேரத்துலதான் உட்டாரு."

பள்ளிபாளையத்தாரை என் கழுத்தில் மாட்டினார். ரீடு அவர் பைக்குள் போனதை நான் பார்த்தேன். பத்து மூச்சு விட்டேன். எண்ணி முடித்து வாயை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

அடித்தொண்டையில் நீளமாக ஒன்று. நின்று, இன்னும் மூன்று. சாவு வீட்டில் பெட்டியைத் தூக்கும்போது வாசிக்கிற பாட்டின் தொடக்கம். என் விரல் எந்தக் கீயின் மேலும் இல்லை. வயிற்றோடு ஒட்டியிருந்த பித்தளை நடுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோவிலில் மரக்கட்டை தட்டுவது கேட்டது.

மாமா கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷர் முன்னால் நிற்பது போல நின்றார். "ஏனுங்க, நீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. மாமா அவசரமாக அதை என் கழுத்திலிருந்து கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒருசந்தி விரதம் இருந்ததில் தலை சுற்றி, அத்தை பாதி வழிபாட்டில் திரும்பியிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"ஆரு ஊதுனது?"

"நாந்தான்" என்றார் மாமா.

"மாதா மேல கைய வெச்சு..." அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். "சாகறதுன்னே முடிவு பண்ணிப்போட்டீங்க. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

அத்தை அழுது நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"மாமா ஊதலீங்க அத்தை. நாந்தான் வாய வெச்சேன். நாந்தானுங்க ஏழு பேருக்கும் மூச்சு உடறது."

அழுகை நின்றது. அத்தை என் வாயைப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டபோதுகூட எனக்கு முதுகு அப்படிச் சில்லிடவில்லை.

"எத்தன நாளா?"

"கிறிஸ்மஸ்ல இருந்துங்க."

மாமா என்னவோ சொல்ல வந்தார். "பேசாதீங்க" என்றார் அத்தை. கல்லுப்பும் வெந்நீரும் கொண்டுவந்து என் உதட்டை, பல்லை, நாக்கை விரல் விட்டுத் தேய்த்தார். ரத்தம் வந்த பிறகும் தேய்த்தார். பள்ளிபாளையத்தார் என் வாய் வழியாக உள்ளே போய்விட்டார், அவரைத்தான் வெளியே எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து நான் அசையாமல் நின்றேன்.

மறுநாள் காலையிலேயே அத்தை ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றினார். என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் கடைசிச் சீட்டுக்குப் போனார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். சேந்தமங்கலத்தில் வீட்டுக்குள் வரவில்லை. "புள்ளைய ஆஸ்பத்திரியில காட்டி நெஞ்சைப் படம் புடிச்சுப் பாருங்க அண்ணி. இனி எங்க ஊட்டுக்கு அனுப்பாதீங்க" என்று வாசலிலேயே சொன்னார். அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். "கிட்ட வராத!" என்று ஒரே அதட்டல்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை படம் பிடித்துப் பார்த்து நெஞ்சு சுத்தம் என்றார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆவணி பிறப்பதற்குள் மாமா போய்விட்டார். சாவுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. அந்த ஏழும் என்ன ஆனதென்று தெரியாது. அத்தை அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வரவே இல்லை. செத்தவர் ஒட்டிக்கொண்ட பிள்ளை என்று என்னை அருவருத்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளைக்கு ஆறு மாசம் இருக்கும்போது ஒரு கெட்ட இருமல் வந்தது. தொட்டிலை விட்டுத் தள்ளிப்போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதது. அன்றைக்குத்தான் எனக்கு அத்தையைத் தெரிந்தது.

இதில் பாதி தப்பாக இருக்கலாம். அத்தை போய்ச் சேர்ந்ததுகூட எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். சேலத்தில் அந்தப் பங்குக் கோவிலுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், சாவுப் பதிவேட்டில் அத்தை எந்த வருஷம், என்ன நோவில் போனார் என்று பார்த்துச் சொல்லுங்கள். கோவில் பேரையும் அத்தை பேரையும் தனியாக எழுதித் தருகிறேன். அன்றைக்குப் பஸ்ஸில் அவர் இருமினாரா என்று எனக்கு ஞாபகமில்லை.