இரண்டொரு வார்த்தைகள் கூறி அமர்கிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா மேடையேறி மைக்கைப் பிடித்தார். "நன்றி. வணக்கம்" என்றார். போய் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? உங்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. இலங்கை மலையகத்தில் நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். மரண உதவிச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அதனால் முன்பள்ளி திறப்பு, விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் கடைசிப் பேச்சு அவருடையது. "இரண்டொரு வார்த்தைகள் கூறி அமர்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு... மேடைக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகள் தூங்கி, எழுந்து, விளையாடி, மறுபடி தூங்கிவிடும்.

அப்படிப்பட்ட மனிதர் உண்மையிலேயே இரண்டு வார்த்தை பேசி அமர்ந்தால்? கூட்டம் பயந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பயம். ஏனென்றால் காரணம் நான். நானும் ஓர் அமெரிக்க நாவலும்.

சனிக்கிழமைகளில் பதுளை டவுனில் எனக்கு மெய்யியல் வகுப்பு. வெளிவாரிப் பட்டப்படிப்பு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே படித்துப் பரீட்சை எழுதுவது. ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. எங்கள் நஸ்லியா மிஸ் பண்டாரவளைக்காரர். ஒழுக்கவியலுக்கு நோட்ஸ் தரமாட்டார். பழைய அமெரிக்க நையாண்டி நாவல்களைப் படிக்க வைப்பார். பெரிய பெரிய தத்துவவாதிகள் எல்லாம் க்யூவில் நிற்கும்போது கதைப் புத்தகம் எதற்கு மிஸ் என்று கேட்டேன்.

"அவங்க பொய்னா என்னன்னு சொல்லுவாங்க. இவங்க பொய் சொல்ற ஆளையே கூட்டிட்டு வந்து முன்னால உட்கார வைப்பாங்க" என்றார். நல்ல பதில்தானே?

படிப்பது என்றால் சும்மா புரட்டுவது இல்லை. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பக்கம். யாராவது "இது நையாண்டி மிஸ்" என்று வாய் திறந்தால் போதும். "எந்த இடத்துல?" என்று பிடித்துக்கொள்வார். அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டும்வரை விடமாட்டார்.

இப்போது படிக்கும் நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் போனில் சுருக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு என்னிடமே கதை விடுவீர்கள்! அதில் ஒரு மர வியாபாரி வருகிறார். ஊரில் எதைத் திறந்தாலும் பேசுகிறவர். ஊருக்குப் புதிதாகத் தீயணைப்பு வண்டி வருகிறது. அதன் மேல் ஏறி நின்று பேசுகிறார். நடுவில் அடுத்த தெருவில் ஒரு வைக்கோல் கொட்டகை தீப்பிடிக்கிறது. யாரும் நகரவில்லை... பேச்சு முடியவில்லையே! அவரோ புகையைக் கைகாட்டி, இதற்காகத்தான் ஐயா இந்த வண்டி என்று இன்னும் உற்சாகமாகத் தொடர்கிறார்.

அந்தப் பேச்சைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. இப்படிப்பட்ட மேடைத் தமிழுக்கு நான் எங்கே போவேன்? எங்கேயும் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறதே! "இரண்டொரு வார்த்தைகள்" முதல் கடைசி வரைக்கும் அப்பாவின் வசனங்களை அப்படியே எடுத்து மர வியாபாரியின் வாயில் போட்டேன். வகுப்பில் வாசித்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த கிஷோர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆள் பேசினதுல ஒரு பொய் காட்டுங்க" என்றார்.

தேடினோம். வண்டி நல்ல வண்டிதான். ஊர் மேல் அவருக்குப் பாசமும் இருக்கிறது. சொன்னதை எல்லாம் நம்பித்தான் சொல்கிறார். அப்புறம் பொய் எங்கே?

"நீங்க கிண்டல் குரல்ல வாசிக்கிறீங்க. அதான் பொய்யா கேட்குது. அடுத்த கிழமை நம்பி வாசிங்க, பார்ப்போம்."

அடுத்த சனிக்கிழமை நான் முயன்றேன். கிஷோர் முயன்றான். இரண்டாவது வரியிலேயே உதடு கோணிக்கொள்கிறது. ஒரு பேச்சை நம்பி வாசிப்பது இவ்வளவு கஷ்டமா?

அன்றைக்குப் பதுளையில் பேய் மழை. அப்பா வழக்கம்போல என்னை இறக்கிவிட்டுக் கீழே ஆட்டோவில் காத்திருந்தார். ஜன்னலால் எட்டிப் பார்த்த மிஸ், "ஐயோ, ஒங்க அப்பா நனையிறாரே! மேல வரச் சொல்லுங்க" என்றார். வந்தார். துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். கிஷோருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"மிஸ், இவங்க அப்பா தோட்டத்துல பெரிய பேச்சாளர் மிஸ்!"

"அப்படியா? அப்போ நீங்களே வாசிச்சுக் காட்டுங்களேன் ஐயா."

என் தாள் கைமாறிக் கைமாறி அப்பாவிடம் போனது. அந்தத் தமிழ் யாருடையது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொருவருக்கும் தெரிந்துவிடும்...

அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டார். செருமினார். "இரண்டொரு வார்த்தைகள் கூறி அமர்கிறேன்" என்றவர், நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பிறகு வாசித்தார் பாருங்கள்! "நமது மலைகள் எல்லாம் மனங்குளிர்ந்து கைதட்டும் இந்நன்னாளில்..." மழைச் சத்தத்தையும் மீறிக் கீழே புடவைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. "அதோ! அதோ தெரிகிறதே புகை!" என்று கையை நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நானும்தான். மிஸ்ஸும்தான்!

"இதுதான் நம்பி வாசிக்கிறது" என்றார் மிஸ். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தாளைத் திருப்பி வாங்குவதிலேயே குறியாக இருந்தேன்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பசறை ரோட்டில் அப்பா ஆரம்பித்தார்.

"அந்த மர வியாபாரி நல்லாத்தான் பேசுறான்."

"ம்ம்."

"தமிழுதான் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மலையெல்லாம் கைதட்டுறது நம்ம முன்பள்ளி தொறந்தப்ப நான் சொன்னது. ஏம்மா, எடுக்கிறதுக்கு முன்னால அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சாரிப்பா."

"வகுப்புல சிரிச்சாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா? ஆனால் நான் ஒழுக்கவியல் மாணவியாச்சே! "சிரிச்சாங்கப்பா" என்றேன்.

"எந்த எடத்துல?"

மிஸ் கேட்கிற அதே கேள்வி!

"அது... 'இரண்டொரு வார்த்தைகள்'னு தொடங்குறப்ப."

"ஓ" என்றார். கியரை மாற்றினார்.

அதற்கு மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி திறப்பு. நன்றி. வணக்கம். மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பில் கிடைத்த நாலு சிரிப்புக்காக அப்பாவின் மைக்கையே பிடுங்கிவிட்டேனா?

"தலைவருக்கு மேலுக்கு முடியலயா?"

"யாரோ என்னமோ சொல்லிட்டாங்க போல."

"நல்ல சீலைய கட்டிக்கிட்டு, புள்ளையவும் தூக்கிக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?" என்று ஓர் அக்கா சத்தமாகவே கேட்டார்.

அப்போது தொட்டிக்குப் பின்னாலிருந்து, கையில் அகப்பையோடு சமையல் செல்வம் அண்ணன் ஓடிவந்தார்.

"என்னங்க தலைவரே, முடிச்சிட்டீங்க! இப்பதான் அரிசியே போட்டேன்! நீங்க தொடங்குறப்ப போடுவேன், முடிக்கிறப்ப எறக்குவேன். எத்தன வருசமா இப்படித்தானே நடக்குது!"

தோட்டத்து விசேஷச் சோறு இத்தனை வருடமாக எங்கள் அப்பாவின் பேச்சில்தான் வெந்துகொண்டிருந்ததா? எங்கள் வீட்டுக்கே தெரியாது!

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் எழுந்து நின்று கத்தினேன்: "பேசுங்கப்பா!"

மெதுவாக வந்தார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். "இரண்டொரு வார்த்தைகள் கூறி..." என்று சொல்லி நிறுத்தினார். சும்மா நிறுத்தவில்லை. சிரிப்பதற்கு இடம் விட்டு நிறுத்தினார்! சனம் வெடித்துச் சிரித்தது. அடங்கும்வரை பொறுமையாக நின்றார். என் பக்கம் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகுதான், "...அமர்கிறேன்."

அடப்பாவி அப்பா! எந்த இடத்தில் என்று கேட்டது இதற்குத்தானா?

நையாண்டிக் கதை படிக்கும்போது நாமெல்லாம் அதில் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் தேடுகிறோம். தன்னையே அதில் கண்டுபிடித்த பிறகும் கோபித்துக்கொள்ளாமல், எங்கே சிரித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆளுக்குப் பரீட்சையே வேண்டாம், பட்டத்தை நேரே கையில் கொடுத்துவிடலாம். எனக்குத்தான் இன்னும் நாலு பேப்பர் பாக்கி இருக்கிறது.

மலைகள் எல்லாம் மறுபடி கைதட்டின. அப்பா நம்பிப் பேசினார், நாங்களும் நம்பிக் கேட்டோம். பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மறுபடி தூங்கின.

அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.