அம்புக்குறி காட்டிய பக்கம்

நான்கைந்து வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்திருந்த ஒரு பௌர்ணமி நாள் காலை அது. போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஒரு கடலோரக் குடியிருப்பு. சுனாமியில் அங்கே நிலமே இறங்கிவிட்டது. அன்று வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவேயில்லை.

எனக்கு அப்போது பேரிடர் பிரிவில் ஒப்பந்த வேலை. ‘மிட்டிகேஷன்’ என்று ஒரு படிவம் உண்டு. ஆபத்து வரும் முன்பே அதன் அடியைக் குறைத்து வைப்பது என்று அர்த்தம். வங்கியில் இருக்கும் என் வீட்டுக்காரர், கடன் கொடுப்பதிலும் இதே வார்த்தைதான் என்பார். அந்தப் படிவத்தை நிரப்புவதில் நான் மகா கெட்டிக்காரி. அதற்கு இரண்டு மாதம் முன்பு அந்த ஊருக்குப் போய், சுனாமி வந்தால் ஊரார் ஓடிச் சேர வேண்டிய மேட்டு மைதானத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் நடந்து பார்த்தேன். செருப்புகூட நனையவில்லை. அந்தத் திருப்தியில் அம்புக்குறிப் போர்டுகளை நட்டு, ‘பணி முடிந்தது’ என்று எழுதிவிட்டேன். கப்பல் ஏறக் கிளம்பினாலே கடல் ஏற்றமா வற்றமா என்று கேட்கிற தீவுக்காரியான நான், அன்று அதைக் கேட்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக் காலையில் சுனாமி ஒத்திகை. ஒன்பது மணிக்குச் சைரன் ஒலித்தது. பத்து நிமிடம் கழித்து நான் ஊருக்குள் நுழைந்தேன். ஒரு ஆள் இல்லை. கதவுகள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு வாசலில் குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நாய்கூடக் காணோம். பரவாயில்லையே, சொன்னபடி கிளம்பிவிட்டார்களே என்று சந்தோஷமாக, மைதானத்தில் காத்திருந்த சக ஊழியருக்கு போன் செய்தேன்.

“இங்க ஒருத்தரும் வரலையே” என்றார்.

பிள்ளைகுட்டிகளோடு அத்தனை பேரும் எங்கே போனார்கள்? தேடிக்கொண்டு என் பாதையிலேயே ஓடினேன்.

இரண்டு பக்கமும் உப்பில் செத்துப்போன தென்னை மரங்கள், தலையில்லாமல் நின்றன. காற்றில்லை, அலையில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு நடந்தவள், காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டதும் குனிந்து பார்த்தேன். தண்ணீர். சத்தமே போடாமல் மண்ணுக்குள்ளிருந்து ஊறி ஏறிக்கொண்டிருந்தது. நண்டுகள் மரங்களில் தொற்றிக்கொண்டிருந்தன, எல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு மேலே. முன்னால் என் போர்டு பாதி முழுகி நின்றது. அம்பு மட்டும் ‘வா வா’ என்பதுபோல உள்ளே காட்டிக்கொண்டிருந்தது. திரும்பினால் வந்த வழியைக் காணவில்லை, எந்தப் பக்கமும் ஒரே தண்ணீர். சற்றுத் தள்ளி ஏதோ ஒன்று மெதுவாக நீரைக் கிழித்துப் போனது. முதலையா, மரக்கட்டையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உயிர் போய்விட்டதென்றே நினைத்தேன்.

“மேடம், ருக்கோ, நில்லுங்க. அடி எடுத்து வைக்காதீங்க. வலப்பக்கம் நாலா, பெரிய ஓடை ஓடுது, ஆளையே முழுங்கிடும்.”

இடப்பக்கம் மரங்களுக்குப் பின்னால் இருந்த குன்றிலிருந்து குரல். ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்மணி. நான் கூப்பிட்டது கேட்டு வந்திருக்கிறார். மூங்கிலால் தரையைக் குத்திக் குத்தி இறங்கி வந்து, என் கையைப் பிடித்து மேலே ஏற்றினார். அங்கே ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. சைரன் கேட்டதும் தங்களுக்குத் தெரிந்த வழியில் குன்றேறியிருக்கிறார்கள். பௌர்ணமிக் காலையில் அந்தப் பாதை முழுகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆபீசில் வந்து சொன்னார்களாம், எழுதிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெயின்லேண்டிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம்.

“தினமும் உங்க போர்டைப் பார்த்துத்தான் அக்கா வழியை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். இன்னிக்குக் கடைக்கார அக்கா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க” என்றாள். குரலில் கோபமே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் வற்றியதும் அத்தனை போர்டுகளையும் நானே பிடுங்கினேன். நடந்ததை மறைக்காமல் அறிக்கையில் எழுதினேன், மெமோவும் வாங்கினேன். நாம் எழுதி வைக்கிற ஒரு வரியை நம்பி, கையில் குழந்தையோடு யாரோ தண்ணீரில் இறங்கிவிடுவார்களே என்ற அந்தப் பயம் இன்னும் என்னை விடவில்லை, விடவும் வேண்டாம்.