சராசரியாகப் பார்த்தால்

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான்தான். கெடுதல் என்று தெரிந்தே சொன்னேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியம்தான்...

பிளஸ் டூ புதிதாக வந்திருந்த காலம். ஆம்பூரில் எங்கள் பள்ளியில் புள்ளியியல் எடுத்தவர்கள் இரண்டு பெஞ்சில் அடங்கிவிடுவோம். தவளையை அறுக்கப் பயந்து நான் அதை எடுத்தேன். எண்கள் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன், பைத்தியக்காரி!

"புக்குல இருக்கற கணக்கு போதும்னு நெனைக்காதீங்க. உங்க தெருவுலயே போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க" என்றார் எஸ்தர் டீச்சர். எந்த வீட்டில் எந்தக் கிணற்றுத் தண்ணீர், மழைக்குப் பிறகு எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று நான் வீடு வீடாகக் கேட்டேன். மற்றக் கிணறுகளில் எடுத்தவர்களில் எங்கோ ஒருவர் இருவர்தான் படுத்திருந்தார்கள். தோல் பதனிடும் டேனரியின் பின்சுவரை ஒட்டிய கிணற்றில் எடுத்தவர்களில் தப்பிய வீடே இல்லை. பச்சைத்தோல் கழுவிய தண்ணீர் அந்தச் சுவரோரமாகத்தான் ஓடும்.

அப்பா அந்த டேனரியில் மேஸ்திரி. மானேஜரின் மகன் என் வகுப்பில் படித்தான்.

"இன்னாமா, வீடு வீடா போய் இன்னாவோ கேக்கறியாமே? டேனரியப் பத்தி ஒண்ணும் எழுதலியே?" என்று அப்பா சாப்பிடும்போது கேட்டார். "பாத்துக்கோ. மேல இருக்கறவங்க காதுக்குப் போச்சுன்னா அவ்ளோதான்."

அதட்டவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பாவும் பயப்படுவார் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லா வீடுகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தேன். கூட்டுச் சராசரி மிகச் சிறியதாக வந்தது. கிணறு வாரியாகப் பிரிக்கவில்லை. எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் போடவில்லை. சராசரியை மட்டும் சொன்னால் பாதியை மறைத்ததாகும் என்று டீச்சர் தொண்டை வற்றச் சொல்லியிருந்தார். ஒரு எண்ணையும் நான் மாற்றவில்லை... எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்! டீச்சர் மதிப்பெண்ணைக் குறைத்தார். பள்ளியில் அது அதோடு போயிற்று.

செல்வி அக்காவின் வீடு அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில். இடுப்பில் பால் மணம் மாறாத பிள்ளையோடு என்னை வழிமறித்தாள்.

"தெரு பூரா கேட்டு எழுதினியே, இன்னா வந்துச்சு? புள்ளைக்குக் கஞ்சி ஆரம்பிக்கணும். இந்தத் தண்ணி குடுக்கலாமா, இல்ல கோடிக் கிணத்துக்குப் போவணுமா?"

'போ' என்று ஒரு சொல் சொன்னால் போயிருப்பாள். ஆனால் நாலு பேரிடம் "மேஸ்திரி பொண்ணுதான் சொல்லிச்சு" என்பாளே...

"சராசரியா பாத்தா ஒண்ணும் இல்லக்கா. குடுக்கலாம்."

அந்த வாரமே பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர்தானா காரணம்? ஒரு பிள்ளையை வைத்து முடிவுக்கு வர முடியாது என்பது நான் படித்த பாடம். அந்தப் பாடத்துக்குப் பின்னால் எத்தனை காலம் ஒளிந்திருந்தேன் தெரியுமா!

"நெமிலிக்கு எங்கம்மா வூட்டுக்குத் தூக்கிட்டுப் போனேனே, பாவி! அங்கதான் காத்து பட்டுடுச்சு" என்று செல்வி அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள். மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் தாய் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அம்மா செத்தபோதுகூடப் போகவில்லை. அன்று முழுக்க என் வீட்டில்தான் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இருக்கியே" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை நான்?

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். டேனரி மூடிக் கிடக்கிறது. இன்று நான் பயப்படுவது செல்வி அக்காவுக்கு மட்டும்தான். அவள் குரல் வாசலில் கேட்டால் போதும், தெரிந்துவிட்டதோ என்று முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

நேற்றும் வந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.