முன்பல்லுக்கு ஒரு டிரிம்மர்

பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்காருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: வருகிறவர்கள் யாரும் அவனோடு அதிக நேரம் வாதாட முடியாது, வாயைத் திறந்தாலே வலிக்கும். தொழிற்சங்கத்தில் இருந்த காலமெல்லாம் எனக்கு இந்த வசதி கிடைத்ததில்லை. மைசூர் ஹெப்பாளில் என்னை வெளியே அனுப்பிய ஆலைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் கிளினிக். டோக்கன் கொடுப்பதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் என் வேலை. நான் பள்ளியில் படித்ததைவிடத் துண்டுப் பிரசுரங்களில் படித்ததே அதிகம். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. பல்வலிக்காரர்களே, உங்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன்.

நூல் அறுத்த பள்ளம்

மாதேவி ஹனூர்ப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் இருக்கிறாள். சிரித்தால் மேல் முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். தைத்து முடித்த நூலைப் பல்லால் அறுத்து அறுத்து விழுந்த பள்ளம். எங்கள் டாக்டர் ஷீலா அதை அடைத்து அனுப்பினார், உதிர்ந்துவிட்டது. மறுபடி அடைத்தார்; அதுவும் உதிர்ந்தது. இப்போது பல்லிலேயே மெல்லிய விரிசல். "இனியும் நூலைக் கடிச்சா அடைப்பு இல்ல, பல்லே போயிடும்மா" என்று டாக்டர் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போயிற்று.

வெளியே வந்தவளிடம், நூல் வெட்ட டிரிம்மர் தருவார்களே என்று கேட்டேன். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கத்தரி அது. எப்போதோ ஒன்று தொலைந்துபோனதாம். அதிலிருந்து சூப்பர்வைசர் எல்லாவற்றையும் தன் மேசையில் வைத்துப் பூட்டிக்கொண்டாராம். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கேட்டு வாங்கினால் அன்றைய டார்கெட் போய்விடும். என் ரத்தம் சூடேறியது. அவளோ துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பல்லு ஒண்ணுதானுங்கண்ணா அங்க யாரும் வாங்கிப் பூட்டி வெக்க முடியாத சாமான்."

பல்லுக்குப் பயம்

ராஜண்ணா என் பழைய சங்கத் தோழர். வேலை போன பிறகு கம்பெனி பஸ் ஓட்டுகிறார். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரை சுரீர் என்கிறது என்று வந்தார். பல் துலக்கும் பிரஷைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். அது மாட்டுக்கொட்டகைத் துடைப்பம் மாதிரி நாலாபக்கமும் விரிந்திருந்தது. முஷ்டியால் பிடித்து, பஸ் டயரில் ஒட்டிய சேற்றைத் தேய்ப்பதுபோல் குறுக்கே தேய்ப்பாராம். ஈறு பல்லைவிட்டு விலகி, வேரோரம் தேய்ந்துவிட்டது.

மென்மையான பிரஷ் வாங்குங்கள், பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடியுங்கள், ஈறோரம் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள், நார் வளைந்தால் பிரஷை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். கேட் முன்னால் எந்த அதிகாரிக்கும் தலை குனியாத மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கும்போது மட்டும் என் காதருகே குனிந்தார்: "என்ன லீடரே, இப்படித் தடவிக் குடுத்தா பல்லுக்கு நம்ம மேல பயமே இருக்காதே!"

ஒரு மிடறு, இன்னொரு மிடறு

ஐடி கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான். அப்பா அம்மா தமிழ், அவனுக்குக் கன்னடம்தான் சரளம். நல்ல சம்பளம், நல்ல சட்டை, பல் மட்டும் ஓரமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காலையில் திறக்கும் கோலா பாட்டிலைச் சாயங்காலம் வரை மிடறு மிடறாகக் குடிக்கிறானாம். ஒவ்வொரு மிடறும் பல்லுக்குப் புதிதாக ஓர் அமிலக் குளியல் என்றார் டாக்டர். விட முடியாவிட்டால் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளி, உடனே பிரஷ் போடாதே, மேசையில் தண்ணீர் பாட்டில் மட்டும் வை என்றார். பையன் கவலையோடு யோசித்தான். "அது ஓகே மேடம், ஆனா மீட்டிங்ல கோலா இல்லாம சும்னே உட்கார்ந்து அவங்க பேசறத முழுசா கேக்கணுமே!"

உதடு சேரட்டும்

அந்த வாரம் நான் மாதேவியின் தையல் லைன் பெண்களுக்காக நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். "முன்பல்லைத் தின்னும் முதலாளித்துவமே!" என்று தொடங்கும். எழுத எழுத என் தாடை இறுகியிருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னையே நாற்காலியில் ஏற்றினார். கடவாய்ப்பற்கள் அம்மிக்கல்லாய்த் தேய்ந்திருந்தன.

"உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம், நாக்கு மேலே ஓய்வெடுக்கட்டும்" என்பதுதான் வைத்தியம். போன் அடிக்கும்போதெல்லாம் தாடையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கோஷம் என்ற வகையில் அதில் குறை சொல்ல முடியவில்லை. நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆனால் இது அந்த ஆலை செய்த அநியாயத்தின் தேய்மானம் என்பதைப் பதிவு செய்யச் சொன்னேன். டாக்டர் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "கம்பெனி உங்கள மறந்தே போச்சு அங்கிள், உங்க கடவாய்ப்பல் மட்டும் ஏன் இன்னும் ஸ்ட்ரைக்ல இருக்கு?"

தாடி வைத்த சட்டைகள்

நோட்டீஸ் கட்டை மாதேவியிடம் கொடுத்து, முதலில் கையெழுத்து, பிறகு தூதுக்குழு, அதன்பின் கேட் கூட்டம் என்று வரிசைப்படுத்திச் சொன்னேன். "சரிங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டாள்.

அடுத்த முறை வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னாள். அவள் லைன் பெண்கள் ஒரு காலையில் நூலைக் கடிப்பதை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். வேறொன்றும் செய்யவில்லை. வேகமாகத் தைத்தார்கள், நூலை அப்படியே தொங்கவிட்டார்கள். ஆட்டுத் தாடிபோல் நூல் தொங்கும் சட்டைகள் செக்கிங் மேசையில் குவிந்தன. சூப்பர்வைசர் பூட்டைத் திறக்க ஓடினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மெஷினுக்கு ஒரு டிரிம்மர், கயிறு கட்டி, கைக்கு எட்டும் இடத்தில். சங்கத்தில் நாங்கள் கேட்ட எதுவும் சாப்பாட்டு மணிக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

டாக்டர் மூன்றாம் முறையாக அடைத்த அடைப்பு இன்றுவரை நிற்கிறது. பல் பிழைத்தது. நான் மெதுவாக, நோட்டீஸ் ஏதாவது உபயோகப்பட்டதா என்று கேட்டேன். மாதேவி பள்ளமில்லாத பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்: "ஏனுங்கண்ணா அப்படிக் கேட்டுப்போட்டீங்க, வெட்டின நூலையெல்லாம் அதுலதானுங்க மடிச்சு வெச்சோம், ஒரு துணுக்குக்கூடக் கீழ விழலீங்க!"

என் போராட்ட வாழ்க்கையில் முழுசாக ஜெயித்த ஒரே கோரிக்கை, அரை நாளில், நான் இல்லாமலே ஜெயித்தது என்று எழுதும் இந்த நேரத்திலும் என் உதடு சேர்ந்தே இருக்கிறது, பல் சேரவில்லை.